ஆயுதக் குழுக்களுக்குக் கெடு வைத்தால் துப்பாக்கி வந்து சேருமா?

சேர்வராயன்_நிழல் (இழையைத் தொடங்கியவர், அஸ்தம்பட்டி)

ஒரே ஒரு உட்பிரிவைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை. 2002 பிப்ரவரி 22 அன்று இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் கையெழுத்திட்ட போர்நிறுத்த ஒப்பந்தத்தில் 1.8 என்று ஒரு பிரிவு உண்டு. தமிழ்த் துணைப்படைக் குழுக்களின், அதாவது அரசுப் படையோடு ஒட்டி நின்ற தமிழ் ஆயுதக் குழுக்களின், ஆயுதங்களை அரசாங்கமே களைய வேண்டும், ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து 30 நாளுக்குள் அதை முடிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்தக் குழுக்களில் இருந்தவர்களை வடக்கு கிழக்குக்கு வெளியே பணிபுரியும்படி அரசுப் படைகளில் சேர்த்துக்கொள்ள முன்வர வேண்டும் என்றும் இருக்கிறது.

படிக்கும்போது தெளிவாகத்தான் தெரிகிறது. தேதி இருக்கிறது, பொறுப்பு யாருடையது என்பது இருக்கிறது, ஆட்களுக்கு அடுத்து என்ன என்பதும் இருக்கிறது. அப்புறம் பாருங்கள். 2006 பிப்ரவரியில் ஜெனீவாவில் இரு தரப்பும் உட்கார்ந்தபோது, அரசுப் படையினரைத் தவிர வேறு எந்தக் குழுவும் ஆயுதம் ஏந்தாமல் பார்த்துக்கொள்வதாக இலங்கை அரசு மறுபடியும் உறுதி கொடுக்க வேண்டி வந்தது. 30 நாளில் முடிய வேண்டிய வேலைக்கு நான்கு வருடம் கழித்து இன்னொரு உறுதிமொழி.

வட அயர்லாந்து, கொலம்பியா, லெபனான், நம் மணிப்பூர் என்று எங்கே பார்த்தாலும் இதே கதை. கெடு வைக்கிறார்கள், தள்ளிப் போகிறது, மறுபடி வைக்கிறார்கள். நாள் போதாததால் கெடு தவறுகிறது என்று நான் நினைக்கவில்லை. தாளில் தேதியை மட்டும் எழுதிவிட்டு, அதே நாளில் எதிர்ப்பக்கம் என்ன செய்யும், வந்த துப்பாக்கியை யார் எண்ணிப் பார்ப்பார்கள் என்ற இரண்டையும் எழுதாமல் விடுவதால்தான் தவறுகிறது.

சேலத்தில் இருந்துகொண்டு இதை ஏன் பேச வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். புலிகள் பயிற்சி எடுத்த கொளத்தூரும் நம் மாவட்டம்தான், இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிற குருக்குப்பட்டியும் பவளத்தானூரும் நம் மாவட்டம்தான். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

செவ்வாப்பேட்டை_வெள்ளி

நான் மறுபக்கம் நின்று பேசுகிறேன். கெடு இல்லாவிட்டால் எதுவுமே நடக்காது.

வட அயர்லாந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனை விட்டுப் பிரிந்து அயர்லாந்தோடு சேரப் போராடிய குடியரசுவாதக் குழுவான ஐ.ஆர்.ஏ. விஷயத்தில் கெடு இழுத்துக்கொண்டே போனது உண்மை. ஆனால் பிரிட்டன் பக்கம் நின்ற துணைப்படைகளின் கதை வேறு. ஆயுதத்தை ஒப்படைத்தால் வழக்கு வராது, அந்தத் துப்பாக்கியைத் தடயப் பரிசோதனைக்கு அனுப்ப மாட்டோம் என்று ஒரு சட்டம் பாதுகாப்புக் கொடுத்தது. அந்தச் சட்டத்தை ஒவ்வொரு வருடமும் புதுப்பித்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் இனிப் புதுப்பிக்க மாட்டோம், 2010 பிப்ரவரியோடு சரி என்று அரசு சொல்லிவிட்டது. என்ன நடந்தது? யு.வி.எஃப். 2009 ஜூனில் ஒப்படைத்தது. யு.டி.ஏ. 2010 ஜனவரியில். ஐ.என்.எல்.ஏ. என்ற இன்னொரு குடியரசுவாதக் குழு கடைசி நாட்களில், பிப்ரவரியில்.

கதவு நிஜமாகவே மூடப் போகிறது என்று தெரிந்ததும் கொடுத்தார்கள். அதுவரை பத்து வருடம் கொடுக்கவில்லை. லெபனானிலும் 1991 ஏப்ரல் 30 என்று நாள் குறித்ததும் பெரும்பாலான போராளிக் குழுக்கள் ஆயுதத்தைக் கீழே வைத்தன. ஹிஸ்புல்லாவுக்கு மட்டும் எதிர்ப்பியக்கம் என்று விலக்குக் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் லெபனான் அமைச்சரவை ராணுவத்தைக் கூப்பிட்டு, வருட முடிவுக்குள் எல்லா ஆயுதமும் அரசின் கைக்கு வரத் திட்டம் போடு என்று சொல்ல வேண்டியதாயிற்று. விலக்குக் கொடுத்த இடத்தில் 34 வருடம் கழித்தும் அதே பிரச்சினை. ஆகவே கெடுவைக் குறை சொல்லாதீர்கள். கெடுவில் விட்ட ஓட்டையைக் குறை சொல்லுங்கள்.

சேர்வராயன்_நிழல்

நல்ல வாதம். ஆனால் வட அயர்லாந்தில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், எனக்கு அதில்தான் பாடம் இருக்கிறது.

1998 ஏப்ரல் 10 ஒப்பந்தத்தில், மக்கள் வாக்கெடுப்புக்குப் பின் இரண்டு ஆண்டுக்குள் ஆயுதக் களைவு முடிய வேண்டும் என்று இருந்தது. அதாவது 2000 மே 22. அதுகூட ஆயுதக் குழுக்களுக்கு நேராகப் போட்ட கட்டளை இல்லை. தங்களுக்கு இருக்கிற செல்வாக்கைப் பயன்படுத்தி அதைச் சாதிக்க வேண்டும் என்று கட்சிகளிடம் கேட்டார்கள். முடியவில்லை. 2000 பிப்ரவரியில் பிரிட்டிஷ் அமைச்சர் பீட்டர் மாண்டல்சன், புதிதாக வந்த சட்டமன்றத்தையே இடைநிறுத்தினார். அந்த அழுத்தத்திலும் ஒரு துப்பாக்கி வரவில்லை.

மே மாதம் வேறு ஒரு வழி திறந்தது. ஆயுதங்களைச் சரிபார்க்கத்தக்க விதத்தில் பயன்பாட்டுக்கு அப்பால் வைப்போம் என்று ஐ.ஆர்.ஏ. அறிவித்தது. அதன் கிடங்குகளை இரண்டு வெளியாட்கள் போய்ப் பார்க்க ஒப்புக்கொண்டது. ஒருவர் தென்னாப்பிரிக்காவின் சிரில் ராமபோசா, இன்னொருவர் பின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அஹ்திசாரி. அவர்கள் போய்ப் பார்த்துவிட்டு, ஆயுதம் பத்திரமாக இருக்கிறது, எங்களுக்குத் தெரியாமல் எடுக்க முடியாது என்று அறிக்கை கொடுத்தார்கள். முதல் ஒப்படைப்பு 2001 அக்டோபரில் நடந்தது. 2005 செப்டம்பர் 26-ல்தான், கனடாவின் ஓய்வுபெற்ற ஜெனரல் ஜான் டி சாஸ்ட்லேன் தலைமையிலான ஆணையம் எல்லாம் முடிந்தது என்றது. கெடுவுக்கு ஐந்து வருடம் பிந்தி.

அதற்கு முந்திய குளிர்காலத்தில் பேச்சு முறிந்தது எதனால் தெரியுமா? புகைப்படத்தால். ஒப்படைப்பைப் படம் எடுத்துக் காட்ட வேண்டும் என்று, பிரிட்டனோடு இருக்க விரும்பிய கட்சியின் தலைவர் இயன் பெய்ஸ்லி தரப்பு கேட்டது, அது எங்களை அவமானப்படுத்துவது என்று ஐ.ஆர்.ஏ. மறுத்தது. கடைசியில் படத்துக்குப் பதிலாக இரண்டு மத குருமார்கள் சாட்சியாக நின்றார்கள். மெதடிஸ்ட் போதகர் ஹாரல்ட் குட், கத்தோலிக்கக் குரு அலெக் ரீட். ஆளுக்கொரு சமூகத்தைச் சேர்ந்தவர்கள். எத்தனை துப்பாக்கி, எவ்வளவு வெடிமருந்து என்ற பட்டியலை ஆணையம் வெளியிடவே இல்லை.

நீங்கள் சொன்ன யு.டி.ஏ.வுக்கும் முன்னால் ஒரு கெடு இருந்தது. 2007-ல் சமூக வளர்ச்சித் துறை அமைச்சர் மார்கரெட் ரிட்சி 60 நாள் கொடுத்தார். ஆயுதத்தைக் களையத் தொடங்காவிட்டால், அந்தக் குழு சார்ந்த பகுதிகளுக்குப் போகும் 12 லட்சம் பவுண்டு திட்டத்தை நிறுத்துவேன் என்றார். 60 நாள் முடிந்தது. அவர் சொன்னபடி நிறுத்தினார். ஆயுதம் வரவில்லை. அதே குழு 2010-ல் கொடுத்தது. 2007 கெடுவில் பயமுறுத்தல் மட்டும் இருந்தது. 2010 கெடுவில் கொடுத்தால் வழக்கில்லை என்ற பாதுகாப்பும், வாங்கிக்கொள்ள இரு பக்கமும் நம்பிய ஓர் ஆணையமும் தயாராக இருந்தன. வித்தியாசம் அதில் இருக்கிறது.

ஒண்டிக்கடை (ஏற்காடு)

நீங்கள் பெரிய நாடுகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் எங்கள் மலையில் பார்த்ததைச் சொல்கிறேன், பொருத்தமில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியை இந்தத் தேதிக்குள் தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை, பின்னால் பிடிபட்டால் விடமாட்டோம் என்று மலைக் கிராமங்களில் அவ்வப்போது அறிவிப்பு வரும். எங்கள் ஊரில் ஒருமுறை வந்தது. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசினார்கள். யார் கொண்டுவந்து வைத்தது என்று கேட்க மாட்டோம், கோயில் பக்கம் வைத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். விடிந்து பார்த்தால் சாக்கில் சுற்றிய துப்பாக்கிகள் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒன்றில் குதிரையே இல்லை. ஒன்றில் குழாயின் வாய் துருவேறி அடைத்துப்போயிருந்தது, கருமருந்து கிட்டிக்க முடியாது. கட்டை மட்டும் எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று இருந்தது. நல்லது எதுவும் வரவில்லை என்று ஊருக்கே தெரியும், வாங்கிப் போனவர்களுக்கும் தெரியும். கணக்குச் சரியாகிவிட்டது.

ஏன் நல்லதைக் கொடுக்கவில்லை? மிளகுக் கொடிக்கும் காப்பிக்கும் நடுவே வருடம் முழுக்கக் காட்டெருமை, வயலில் காட்டுப்பன்றி. துப்பாக்கியை வாங்கிப் போகிறவர்கள் பன்றிக்கு என்ன வழி என்று சொல்லவில்லை. இழப்பீட்டுக்கு எழுதிக் கொடுத்த மனு எங்கே போனது என்றே தெரியவில்லை. இரவுக் காவலுக்குப் போகிறவன் வெறுங்கையோடு போவானா?

செவ்வாப்பேட்டை_வெள்ளி

அண்ணே, வேட்டைத் துப்பாக்கியையும் துணைப்படைக் குழுவையும் ஒன்றாக வைக்க முடியாது. உங்கள் ஊரில் யாரும் பக்கத்து ஊர்க்காரனைக் கடத்திக்கொண்டு போகவில்லை. துணைப்படை என்பது ஆள் பிடிக்கும், வரி வாங்கும், தேர்தலில் மிரட்டும். அங்கே பன்றி என்ற சாக்கு எடுபடாது.

ஒண்டிக்கடை

ஒன்று என்று நான் சொல்லவில்லைங்க. உடைந்ததைக் கொடுத்து நல்லதை வைத்துக்கொள்ளும் புத்தி எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்கிறேன். கொடுப்பவனைப் பிடித்து ஆட்டுவது பயம். அந்தப் பயத்துக்குப் பதில் இல்லாமல் தேதி மட்டும் சொன்னால் வருவது துருதான்.

ஓய்வு_ஏட்டு

நான் ஆயுதப்படையில் இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு விஷயம் சொல்கிறேன்.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளை நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். சேலத்திலும் ஏற்காட்டிலும் தோட்டக்காரர்கள் தேதிக்குள் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். முனகுவார்கள், ஆனால் கொடுப்பார்கள். ரசீது உண்டு. எண் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். தேர்தல் முடிந்ததும் திரும்பக் கிடைக்கும் என்று தெரியும். எதிர்க் கட்சிக்காரனும் கொடுத்திருக்கிறான் என்பதும் தெரியும். இந்தக் கெடு ஒவ்வொரு தேர்தலுக்கும் பலிக்கிறது.

அடுத்தது மணிப்பூர். 2023 கலவரத்தில் காவல் கிடங்குகளில் இருந்து கொள்ளை போனவை சுமார் 6,000 துப்பாக்கி. 2025 பிப்ரவரி 20 அன்று ஆளுநர் அஜய் குமார் பல்லா ஏழு நாள் கெடு கொடுத்தார், கொடுத்தால் நடவடிக்கை இல்லை என்றார். அரம்பாய் தெங்கோல் என்ற குழு ஆளுநரைச் சந்தித்துவிட்டு 246 துப்பாக்கிகளைக் கொடுத்தது. கெடுவை மார்ச் 6 மாலை 4 மணிவரை நீட்டினார்கள். மொத்தத்தில் ஆயிரம் அளவுக்கு வந்தது. பாக்கி?

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அவை கிடங்குத் துப்பாக்கிகள். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, பதிவேடு உண்டு. எது வந்தது, எது வரவில்லை என்று விரல் வைத்துச் சொல்லலாம். ஐ.ஆர்.ஏ. லிபியாவில் இருந்து கப்பலில் கொண்டுவந்தவை ரகசியமாக வந்தவை. அரசுக் கிடங்கில் இருந்து போனதற்குக் கணக்கு இருக்கிறது. இரண்டையும் ஒரே மாதிரிப் பேசாதீர்கள்.

கொளத்தூரான்

எங்கள் ஊர்ப் பெயரை முதல் பதிவிலேயே இழுத்துவிட்டீர்கள், அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் கொளத்தூர்ப் பக்கம் புலிகளின் பயிற்சி முகாம் இருந்தது. அந்தக் கும்பாரப்பட்டி இன்றைக்குப் புலியூர். பயிற்சி கொடுத்த பொன்னம்மான் பெயரில் பேருந்து நிழற்குடை இருக்கிறது. அன்றைக்கு அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட வீடுகளில் இன்றைக்கும் அவர்களைப் பற்றிப் பேசுவார்கள். எங்கள் பக்கத்து ஆள் எவனும் இந்தப் பேச்சை வெறும் ஒப்பந்த வாசகமாகப் படிக்க முடியாது.

1986 நவம்பரில் பெங்களூரு சார்க் மாநாட்டுக்குச் சற்று முன்பு தமிழ்நாடு போலீஸ் மாநிலம் முழுக்க எல்லா இயக்கங்களின் ஆயுதத்தையும் ஒரே வீச்சில் பறித்தது. கெடு எதுவும் இல்லை, நேராக வந்து எடுத்தார்கள். தகவல் தொடர்புக் கருவிகளை எடுத்ததற்காகப் பிரபாகரன் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார், கருவிகள் திரும்பக் கிடைத்தன. எட்டு மாதம் கழித்து 1987 ஜூலை 29, ராஜீவ் – ஜெயவர்த்தனா ஒப்பந்தம். அதில் கெடு மணிக்கணக்கில். 48 மணி நேரத்தில் போர் நிற்க வேண்டும், அதிலிருந்து 72 மணி நேரத்தில் போராளிகள் ஆயுதத்தை ஒப்படைத்து முடிக்க வேண்டும், படையினர் முகாமுக்குத் திரும்பி முடிக்க வேண்டும்.

எத்தனை வருடச் சண்டை! மூன்று நாளில் எல்லா ஆயுதமும் வந்துவிடும் என்று எழுதியவர்கள் நம்பினார்களா? ஆகஸ்ட் 4 சுதுமலைக் கூட்டத்தில் பிரபாகரன் பேசினார், மறுநாள் பலாலியில் புலிகளின் சார்பில் யோகி ஒரு கைத்துப்பாக்கியை மேசையில் வைத்தார். அதோடு 72 மணி நேரமும் தாண்டிவிட்டது. அக்டோபர் 10-ல், அமைதி காக்கப் போன இந்தியப் படையோடு சண்டை.

யாரும் பேசாத ஒரு வரி அந்த ஒப்பந்தத்தின் இணைப்பில் இருக்கிறது. ஊர்காவல் படைகள் கலைக்கப்படும், துணைப்படையினர் வடக்கு கிழக்கில் இருந்து திரும்பப் பெறப்படுவார்கள் என்று ஜனாதிபதி ஒப்புக்கொள்கிறார். அதற்கு என்ன தேதி? தேதியே இல்லை. தேர்தலுக்கு ஏற்ற சூழலை உண்டாக்குவதற்காக என்று மட்டும் இருக்கிறது. ஒருவனுக்கு 72 மணி நேரம், இன்னொருவனுக்கு நாளே குறிக்கவில்லை. செப்டம்பரில் புலிகளின் திலீபன் தண்ணீர்கூடக் குடிக்காமல் நல்லூரில் உண்ணாவிரதம் கிடந்தாரே, அந்த ஐந்து கோரிக்கைகளில் ஒன்று ஊர்காவல் படையினரிடம் கொடுத்த ஆயுதத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்பது. இதை எத்தனை பேர் நினைவு வைத்திருக்கிறோம்?

நிர்வாகி

புலிகள் சரியா தவறா என்ற சண்டை இங்கே வேண்டாம், அதற்கு வேறு இழைகள் இருக்கின்றன. ஆயுத ஒப்படைப்பு, கெடு என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

பவளத்தானூர்_மலர்

நான் மறுவாழ்வு முகாமில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவும் அம்மாவும் மன்னாரில் இருந்து வந்தவர்கள். கொளத்தூர் அண்ணா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், ஊர்காவல் படை என்றதும் எழுந்து வெளியே போய்விட்டார்.

இங்கே ஒருவரும் தொடாத பக்கத்தை நான் எழுதுகிறேன். என் சித்தப்பா புலிகள் இயக்கத்தில் இல்லை, வேறோர் இயக்கத்தில் இருந்தவர். இயக்கங்களுக்குள் நடந்த சகோதரச் சண்டைக்குப் பிறகு போக இடமில்லாமல்தான் அந்த இயக்கத்து ஆட்கள் அரசுப் படையோடு ஒட்டி நின்றார்கள். அப்படி நின்றவர்கள் செய்த அநியாயமும் உண்டு. வவுனியாவில் ஆள் கடத்தல், கப்பம், சித்திரவதை. எங்கள் உறவிலேயே அவர்களால் அடிபட்டவர்கள் இருக்கிறார்கள், நான் மறைக்கவில்லை. ஆனால் 1.8 பிரிவின்படி ஆயுதத்தைக் கொடுத்துவிட்டு அரசியல் செய்ய வந்தவர்களுக்கு என்ன ஆயிற்று? 2002-க்கும் 2005-க்கும் இடையில் ஈ.பி.டி.பி., புளொட், ஈ.பி.ஆர்.எல்.எஃப். என்ற தமிழ்க் குழுக்களின் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகச் சுடப்பட்டார்கள். 2003 ஜூன் 14-ல் யாழ்ப்பாணத்தில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர்களில் ஒருவரான சுபத்திரன் கொல்லப்பட்டார். அதுவும் போர்நிறுத்தக் காலத்தில்.

“துவக்கைக் குடுத்தாப் பிறகு ஆர் எங்களைக் காப்பாத்துறது?” என்று சித்தப்பா அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டாராம். அம்மாவிடம் பதில் இல்லை. ஒப்பந்தத்திலும் பதில் இல்லை. வடக்கு கிழக்குக்கு வெளியே படையில் சேரலாம் என்றால், ஊரை விட்டுப் போ என்றுதானே அர்த்தம்? அம்மா அப்பா, காணி, பிள்ளைகள் எல்லாம் மன்னாரில் இருக்கும்போது அவர் தெற்கே அம்பாந்தோட்டையில் போய் என்ன செய்வார்?

அதனால் கெடு இரண்டு பக்கத்துக்கும் வேண்டும் என்று சேர்வராயன் அண்ணா சொல்வது சரி. ஆனால் இரண்டு பக்கம் என்றால் அரசும் புலிகளும் என்று மட்டும் எண்ணாதீர்கள். ஆயுதத்தைக் கொடுத்தவனைச் சுடமாட்டேன் என்று எதிரியும் அதே தாளில், அதே தேதியில் கையெழுத்துப் போட வேண்டும்.

கொளத்தூரான்

தங்கச்சி, இதற்கு மறுத்துச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 2004 மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்த பிறகு கிழக்கில் புதிதாகவே ஒரு குழு வந்துவிட்டது. 2002-ல் எழுதிய 30 நாளுக்குள் அது வராது, அப்போது அப்படி ஒரு குழுவே இல்லை என்று அரசுத் தரப்பில் வாதம் வைத்தார்கள். பழைய பெயர்களைக் களைந்தால் புதுப் பெயர் வருகிறது. அந்தக் குழு ஆயுதத்தைக் கொடுத்தது 2009 மார்ச்சில். அதற்குள் அதன் ஆள் கிழக்கு மாகாணத்தின் முதலமைச்சராகவே ஆகியிருந்தார்.

ஆத்தூர்_முன்னாள்_வீரர்

மத்திய ரிசர்வ் போலீசில் இருந்தவன். சத்தீஸ்கரில் நடந்ததும் இதே விஷயம்தான்.

2005-ல் பஸ்தரில், மாவோயிஸ்டுகளுக்கு எதிராகச் சல்வா ஜுடும் என்ற இயக்கம் தொடங்கியது. பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவல் அலுவலர் என்று சேர்த்து, குறைந்த மாதச் சம்பளமும் துப்பாக்கியும் கொடுத்தார்கள். 2011 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் சுதர்சன் ரெட்டி, நிஜ்ஜார் அமர்வு, அவர்களை மாவோயிஸ்டுகளுக்கு எதிராகப் பயன்படுத்துவதை நிறுத்து, கொடுத்த துப்பாக்கிகளை உடனே திரும்ப வாங்கு என்று உத்தரவிட்டது. அதே தீர்ப்பில், அந்த இளைஞர்களின் உயிருக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. மலர் எழுதிய பயம் அந்த நீதிபதிகளுக்குத் தெரிந்திருக்கிறது.

மாநில அரசு என்ன செய்தது? அதே ஆண்டு துணை ஆயுதக் காவல் படைச் சட்டம் கொண்டுவந்து, அதே ஆட்களை அதில் சேர்த்துக்கொண்டது. கையில் இருந்த துப்பாக்கி சட்டப்படியான துப்பாக்கி ஆகிவிட்டது. கொலம்பியாவில் ஏ.யு.சி. என்ற வலதுசாரித் துணைப்படைகளுக்கு 2003-ல் ஒப்பந்தம், 2005 முடிவு கெடு. அது 2006-க்குத் தள்ளிப் போனது. 30,000-க்கும் மேற்பட்டவர்கள் கலைந்தார்கள், ஒப்படைத்தது 18,000 அளவு ஆயுதம். ஆளுக்கு ஒன்றுகூட இல்லை. இடைநிலைத் தளபதிகள் சிலர் புதுப் பெயரில் புதுக் கும்பல் கட்டினார்கள்.

செவ்வாப்பேட்டை_வெள்ளி

சரி, எல்லாரும் தோற்ற கதையே சொல்கிறீர்கள். கெடுவுக்குள் முடிந்த இடம் ஒன்றாவது இருக்கிறதா? இருந்தால் அங்கே என்ன செய்தார்கள்?

சேர்வராயன்_நிழல்

இருக்கிறது. அச்சே.

2005 ஆகஸ்ட் 15 அன்று ஹெல்சின்கியில் இந்தோனேசிய அரசும் அச்சே விடுதலை இயக்கமும் கையெழுத்திட்டன. நடுவர் அதே அஹ்திசாரி. ஒப்பந்தத்திலேயே எண் இருந்தது: 840 ஆயுதம், 3,000 போராளிகள். செப்டம்பர் 15-ல் தொடங்கி டிசம்பர் 31-க்குள், நான்கு கட்டமாக. எதிர்ப்பக்கத்துக்கும் அதே நான்கு கட்டம். வெளியில் இருந்து கொண்டுவந்த இந்தோனேசியப் படையும் போலீசும் ஒவ்வொரு கட்டத்திலும் அச்சேயை விட்டு வெளியேற வேண்டும். கடைசியில் தங்கும் ராணுவம் 14,700-ஐத் தாண்டக் கூடாது, போலீஸ் 9,100-ஐத் தாண்டக் கூடாது. இவர்கள் துப்பாக்கி கொடுத்த பிறகு அங்கே கப்பல் ஏறுகிறார்கள். அங்கே ஏறவில்லை என்றால் இங்கே அடுத்த கட்டம் நிற்கும்.

வாங்கியது ஐரோப்பிய ஒன்றியமும் ஆசியான் நாடுகளும் சேர்ந்த கண்காணிப்புக் குழு. ஏற்காட்டு அண்ணன் சொன்ன துரு அங்கேயும் வந்தது. ஆயிரத்துக்கும் மேல் கொண்டுவந்தார்கள். உள்ளூரில் செய்த, சுட முடியாத துப்பாக்கிகளைக் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்று குழு ஒதுக்கிவிட்டது. தகுதியான 840 முழுமையாக வந்த பிறகுதான் முடிந்தது என்றார்கள். அங்கேயே, பார்க்க வந்த மக்கள் முன்னால், ரம்பத்தால் வெட்டினார்கள். டிசம்பர் 21-ல் முடிந்துவிட்டது, கெடுவுக்குப் பத்து நாள் முன்னதாக. சுனாமி அடித்த மண், இரு பக்கமும் களைத்துப்போயிருந்தது என்பதும் காரணம்தான். ஆனால் களைப்பு மட்டும் 840 துப்பாக்கியைக் கொண்டுவராது.

மாசிடோனியாவிலும் 2001-ல் நேட்டோ 30 நாளில் 3,875 ஆயுதம் சேகரித்தது. மூன்று பங்காகப் பிரித்து, ஒரு பங்கு வந்தால் நாடாளுமன்றம் சீர்திருத்தத்தில் ஓர் அடி எடுத்து வைக்கும் என்று கட்டியிருந்தார்கள்.

நேபாளத்தில் இன்னொரு வழி. 2007-ல் மாவோயிஸ்டுகள் ஆயுதத்தைக் கொடுக்கவே இல்லை, கண்டெய்னரில் வைத்துப் பூட்டினார்கள். சாவி அவர்களிடம். ஐ.நா. ஆட்கள் பதிவு செய்து, கேமராவும் அபாய மணியும் வைத்துக் காவல் இருந்தார்கள். நேபாள ராணுவமும் அதே அளவு ஆயுதத்தைத் தன் பக்கம் பூட்டி வைத்தது. 2012-ல் அந்தக் கண்டெய்னர்கள் ராணுவத்திடம் போயின. ஐந்து வருடம் ஆனது, ஆனால் இடையில் போர் திரும்பவில்லை.

ஒண்டிக்கடை

இதைத்தான் நான் தெரிந்துகொள்ள நினைத்தேன். சாவியைக் கையிலேயே வைத்துக்கொள் என்று சொன்னார்களே, அது பெரிய விஷயம். கொடுக்கிறவனுக்கு ராத்திரி தூக்கம் வரும்.

பவளத்தானூர்_மலர்

அச்சேயில் எண் இருந்தது என்கிறீர்கள். 1.8 பிரிவில் எண் இல்லை. எந்தக் குழு என்ற பெயர்ப் பட்டியலும் இல்லை. ஏட்டு ஐயாவிடம் ஒரு கேள்வி. அரசு ஒரு குழுவுக்குத் துப்பாக்கி கொடுத்திருந்தால், எத்தனை கொடுத்தோம் என்று அதற்குத் தெரியாமல் போக முடியுமா?

ஓய்வு_ஏட்டு

முடியாது அம்மா. கிடங்கில் இருந்து ஒரு துப்பாக்கி வெளியே போனால் எண்ணை எழுதி, வாங்கினவன் கையெழுத்து, கொடுத்தவன் கையெழுத்து, தோட்டா எத்தனை என்பதுவரை இருக்கும். ஒரு காலித் தோட்டா குறைந்தாலும் அன்று யாரும் வீட்டுக்குப் போக முடியாது, நான் அப்படி நின்றிருக்கிறேன். இலங்கைக் கிடங்கை நான் பார்த்ததில்லை. ஆனால் எந்த நாட்டுப் படையானாலும் பதிவேடு இல்லாமல் ஆயுதம் கொடுக்காது. வாயால் சொல்லிக் கொடுத்திருந்தால் அது வேறு விதமான குற்றம், அதற்கும் யாராவது பதில் சொல்ல வேண்டும்.

செவ்வாப்பேட்டை_வெள்ளி

ஆனால் அந்தக் குழுக்களிடம் இருந்ததெல்லாம் அரசு கொடுத்ததில்லையே. எண்பதுகளில் இந்தியாவில் இருந்து போனது, சண்டையில் பிடித்தது, வெளியே வாங்கியது எல்லாம் கலந்திருக்கும். அதற்குப் பதிவேடு எங்கே போய்த் தேடுவது?

ஓய்வு_ஏட்டு

தேட வேண்டாம் என்கிறேன். பதிவேட்டில் இருப்பதற்கு 30 நாள் போடுங்கள், அது தாராளம், ஒரு வாரமே போதும். பதிவேட்டில் இல்லாததற்கு நேபாளம் மாதிரிப் பூட்டும் சாவியும் போடுங்கள், அதற்கு வருடக்கணக்கில் ஆகட்டும். இரண்டையும் ஒரே வரியில் எழுதினால், முடியாததைக் காட்டி முடிந்ததையும் செய்யாமல் விடுவார்கள்.

பவளத்தானூர்_மலர்

அந்த முதல் வரிக்குக் கீழே, கொடுத்தவர்கள் சொந்த ஊரிலேயே இருக்கலாம், அவர்களுக்குக் கண்காணிப்புக் குழுவின் ஆள் பக்கத்திலேயே தங்குவார் என்றும் எழுத வேண்டும் ஐயா. சித்தப்பா கடைசியில் துவக்கைக் கொடுத்துவிட்டுக் கொழும்புக்குப் போனார். இன்றுவரை மன்னாருக்குத் திரும்பவில்லை. சித்தியும் பிள்ளைகளும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.